ஐந்துக்கு எட்டு, நிறம் கருப்பு

டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில், 1,100 அடிக்கும் கீழே, பெரிய உப்புச் சுரங்கம் ஒன்று இருக்கிறது. மேலே கார் செய்கிறார்கள், கீழே காரை அரிக்கிற சரக்கை வெட்டி எடுக்கிறார்கள். பனி விழத் தொடங்கியதும் உப்பு லாரிகள் கிளம்பிவிடும். சாலை நெடுகக் கல்லுப்பைத் தூவுவார்கள். போதாததற்கு உப்புக் கரைசலையும் பீய்ச்சுவார்கள். மார்ச் மாதத்தில் மிச்சிகன் கார் எதன் மேலாவது சாய்ந்து நின்றவன் சட்டையை உதறினால் ஒரு வேளை ரசத்துக்கு உப்பு தேறும்.

இரும்புக்கு இப்பேர்ப்பட்ட வரவேற்பு உள்ள ஊரில் நான் ஒரு டிரெய்லர் வாங்கினேன். அது பனிக்காலம் வரும்வரைகூடப் பொறுத்திருக்கவில்லை.

இந்த நாட்டில் இருப்பவர்களுக்கு யூட்டிலிட்டி டிரெய்லரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: காருக்குப் பின்னால் கோத்து இழுக்கிற இரண்டு சக்கர வண்டி. ஆங்கிள் இரும்பில் சட்டம், தரைக்குப் பலகையோ கம்பி வலையோ, பின்னால் சாய்த்து இறக்கும் கதவு. என்னுடையது 5 அடிக்கு 8 அடி, கம்பி வலைத் தரை, நிறம் கருப்பு, விலை 1,000 டாலருக்குச் சற்று மேலே. தோட்டத்துக்கு மரச்சிராய் கொண்டுவந்து கொட்ட ஒரு கடையில் 80 டாலர் கூலி கேட்டார்கள். 80 டாலரா என்று கொதித்து, நானே ஏற்றி வருகிறேன் பார் என்று சபதம் செய்து புறப்பட்டதில் வந்து சேர்ந்தது இது. பிறகு காருக்கு ஹிட்ச் மாட்ட ஒரு செலவு, விளக்கு ஒயருக்கு ஒரு செலவு, ஸ்பேர் டயருக்கு ஒரு செலவு. மொத்தத்தையும் என் மனைவி ஒரு தாளில் கூட்டி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். அந்தத் தாள் இன்றுவரை புதுக்கருக்கு அழியாமல் இருக்கிறது.

மிச்சிகனில் டிரெய்லருக்குக் கொடுக்கிற நம்பர் பிளேட் நிரந்தரமானது. வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டாம். பிளேட் அலுமினியம், துருப்பிடிக்காது. ஆகவே வண்டி மண்ணோடு மண்ணாகப் போனாலும் பிளேட்டுக்கு ஆயுசு கெட்டி. அரசாங்கம் எதையோ யோசித்துத்தான் செய்திருக்கிறது.

கடையில் டிரெய்லர்கள் சரளைக்கல் தரையில் வரிசையாக நின்றன. எனக்குத் தெரிந்த தரப் பரிசோதனை டயரை உதைப்பது. உதைத்தேன். டயர் முதல்தரம். விற்பனையாளர் ‘பவுடர் கோட்டிங்’ என்றார். நான் புருவத்தை உயர்த்தி, அப்படியா, இந்த விலைக்கா என்கிற பாவனையில் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்துதான் அது என்னவென்று படித்தேன். பெயின்ட்டைக் குழம்பாக அடிக்காமல் தூளாகவே பீய்ச்சி, மின்னூட்டத்தால் இரும்பில் ஒட்டவைத்து, 200 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூளையில் உருக்கி இறுகச் செய்கிற முறை. அருமையான முறைதான், இரும்பு சுத்தமாக இருந்தால்.

ஓரமாக ஒரு கால்வனைஸ்டு டிரெய்லரும் நின்றது. 450 டிகிரியில் உருகிக் கிடக்கும் துத்தநாகத்தில் அப்படியே முக்கி எடுத்தது. கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தன்னை அரிக்கக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றும். சில நூறு டாலர் கூடுதல். சோகை பிடித்த சாம்பல் நிறத்தில் நின்ற அதை நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. காசு கொடுக்கிறவன் பளபளப்பைப் பார்ப்பானா, தியாகத்தைப் பார்ப்பானா?

வாங்கிய வசந்தத்திலேயே, நாலு மழைக்குள், டிரைவ்வேயின் வெள்ளைக் காங்கிரீட்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு ஓடியது. அது எங்கிருந்து வருகிறது என்று குனிந்து தேடினால், பின்கதவின் கீலைப் பற்றவைத்த இடம். பற்றவைப்பின் இரு பக்கமும் வெல்டிங் பொறி தெறித்து உறைந்த குட்டிக் குட்டி இரும்பு முத்துகள். அவற்றைத் தட்டி எடுக்காமல் மேலேயே பெயின்ட் அடித்திருந்தார்கள். ஒவ்வொரு முத்துக்கும் அடியில் ஒரு துரு வளையம். பக்கத்தில் பெயின்ட் கொப்புளித்திருந்தது. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினேன், ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தது. விளிம்பைப் பிடித்து இழுத்தேன், இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையாக உரிந்து கையோடு வந்துவிட்டது. மேல்பக்கம் கண்ணாடிக் கருப்பு. அடிப்பக்கத்தில் நீலம் பாரித்த சாம்பல் நிறச் செதில் ஒன்று, பெயின்ட்டை விடாமல் பற்றிக்கொண்டிருந்தது. பெயின்ட்டைக் குறை சொல்ல முடியாது, அது செதிலைக் கடைசிவரை கைவிடவில்லை. செதில்தான் இரும்பை விட்டு வந்துவிட்டது.

எதிர்வீட்டுப் பெரியவர் கார்த் தொழிற்சாலையின் பெயின்ட் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்தப் பக்கத்தில் தெருவுக்கு ஒருவர் இப்படி இருப்பார். செதிலை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், மில் ஸ்கேல் என்றார். இரும்பைப் பழுக்கக் காய்ச்சி உருளைகளில் கொடுத்துத் தகடாகவும் ஆங்கிளாகவும் இழுக்கும்போதே அதன்மேல் படிகிற ஆக்சைடு. பார்வைக்கு இரும்பின் சொந்தத் தோலாகத் தெரியும். நாளாவட்டத்தில் வெடித்து, கழன்று, மேலே பூசியதையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடும். உருக்குக் குண்டுகளை வேகமாக வீசியடித்தோ அமிலத்தில் ஊறவைத்தோ அதை நீக்கிய பிறகே பெயின்ட்டைத் தொட வேண்டும். செலவு அந்த வேலையில்தான் இருக்கிறது. கடையில் நிற்கும்போது கண்ணுக்குத் தெரியாததும் அந்த வேலைதான். அப்புறம் டயரை உதைக்கிறவனுக்காக யார் அதைச் செய்வார்கள்?

பெரியவர் அதோடு விடவில்லை. மண்டியிட்டு வண்டியின் அடியில் டார்ச் அடித்தார். ஆங்கிளின் கூர்விளிம்புகளைக் காட்டினார்: சூளையில் உருகும்போது பெயின்ட் அங்கிருந்து பின்வாங்கி மெலிந்துவிடுமாம். உள்மூலைகளைக் காட்டினார்: மின்னூட்டிய தூள் அங்கே போய்ச் சேருவதே இல்லையாம். குழாய்களின் திறந்த வாயைக் காட்டினார்: உள்ளே பெயின்ட் என்ற பேச்சே கிடையாது. தொழிற்சாலையிலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கொண்டுவந்தபோது சங்கிலி உராய்ந்த தழும்பையும் காட்டினார். அதை நான் டிசைன் என்று நினைத்திருந்தேன்.

காருக்கு மட்டும் எப்படி இத்தனை வருஷம் தாங்குகிறது என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. 1960-களில் ஃபோர்டு கம்பெனியில் ஜார்ஜ் புரூவர் என்ற வேதியியலாளர் முன்னின்று கொண்டுவந்த முறையை விளக்கினார். காரின் வெற்று உடம்பை நன்றாகக் கழுவி, பாஸ்பேட் பூச்சுக் கொடுத்து, பஜ்ஜி மாவில் வாழைக்காயை முக்குவது போலப் பெயின்ட் தொட்டியில் முழுசாக முக்கி, மின்சாரத்தைப் பாய்ச்சுவார்கள். சந்து பொந்து ஒன்று விடாமல் பூசிக்கொள்ளும். பஜ்ஜி அவர் சொன்னதல்ல, நான் சேர்த்தது. புரியவைக்க ஒரு தட்டு போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. கடைசித் துண்டை மென்றபடி டிரெய்லரைப் பார்த்து, “இதுக்கு அடிச்சிருக்கிறது பெயின்ட் இல்லை, நிறம்” என்று முடித்தார். வாங்கும்போதே எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது என்று சொல்லிவைத்தேன்.

கடைக்குப் போன் செய்தேன். மேலாகப் பிடித்த துருதான், சகஜம் என்றார்கள். துரு எப்போதும் மேலேதானே பிடிக்கத் தொடங்கும்? உள்ளே போன பிறகு கூப்பிடட்டுமா என்று கேட்டேன். வாரண்டித் தாளைப் பார்க்கச் சொன்னார்கள். சட்டம் ஒடிந்தால் அவர்கள் பொறுப்பு. பெயின்ட், துரு, நிறம் மங்குதல் மூன்றும் விலக்கு. துருவினால் சட்டம் ஒடிந்தால் யார் பொறுப்பு என்பதைத் தாள் என் கற்பனைக்கு விட்டிருந்தது.

இதற்கிடையில் இண்டிகேட்டருக்குக் கிறுக்குப் பிடித்தது. இடது பக்கம் போட்டால் இரண்டு பக்கமும் மங்கலாக மினுக்கும், பிரேக்கை மிதித்தால் துக்கம் அனுஷ்டிக்கும். பின்னால் வருகிறவர்கள் என் உத்தேசம் தெரியாமல் விலகி விலகிப் போனார்கள். டிரெய்லர் ஒயரில் வெள்ளை எர்த்துக்கு. அது சட்டத்தில் ஒரு திருகாணியில் போய் முடியும். மின்சாரம் திரும்பிப் போக அந்த இடத்தில் வெற்று இரும்பு தொட வேண்டும். கழற்றிப் பார்த்தால் வாஷருக்கு அடியில் கம்பெனிப் பெயின்ட் அம்சமாக உட்கார்ந்திருக்கிறது! வண்டி முழுக்க ஒட்ட வேண்டிய இடத்திலெல்லாம் கழன்ற பெயின்ட், ஒட்டவே கூடாத அந்த ஒரு சதுர அங்குலத்தில் நகத்துக்கும் மசியவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஸ்குரூடிரைவரால் சுரண்டி, கடைசியில் விளக்கு எரிந்தபோது என் மனைவி ஜன்னலைத் திறந்து, “ஏங்க, பெயின்ட் போகுதுன்னு அழுதீங்க, இப்ப நீங்களே சுரண்டுறீங்க?” என்றாள். பாதி வேலையில் இருப்பவனிடம் பேசக் கூடாது என்பது அவளுக்குத் தெரிவதில்லை.

எங்கள் குடியிருப்பின் விதிப்படி டிரெய்லரை வீட்டு வாசலில் நிறுத்திவைக்கக் கூடாது. மழைக்கும் ஒதுங்கினாற்போல் ஆகட்டும் என்று கராஜுக்குள் தள்ளினேன். மூக்கோடு சேர்த்து 12 அடி. மனைவியின் கார் வெளியேறியது. டிசம்பர் காலையில் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டியபடி அவள் சொன்னாள்: “30,000 டாலர் காரு பனியில நிக்குது, 1,000 டாலர் தகரம் உள்ள தூங்குது. நல்ல குடும்பங்க இது.” நான் விறகு ஏற்றிவந்து, சாலை உப்போடு அதை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் பெரியவர் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். வெளியே கடுங்குளிரில் துரு மந்தமாகத்தான் வேலை செய்யுமாம். உப்பு ஒட்டிய இரும்பைக் கதகதப்பான கராஜில் வைத்தால் பனி உருகி உப்புத் தண்ணீராகி, துரு ராப்பகலாக ஓவர்டைம் பார்க்குமாம். இந்தத் தகவல் என் மனைவிக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. அவள் படிக்கிற பத்திரிகைகளில் நான் எழுதுவதில்லை.

துருவை மாற்றும் மருந்து என்று ஒரு குப்பி கிடைத்தது. அதில் உள்ள டானிக் அமிலம் துருவோடு சேர்ந்து அதைக் கருப்பாக்கி இறுக்கிவிடும். வீடியோ காலில் அம்மாவுக்குக் காட்டினேன். அம்மா கும்பகோணம். “கடுக்காய்த் தண்ணியில துருப்பிடிச்ச ஆணியைப் போட்டாலே கருப்பாயிடுமேடா, இதுக்கா டாலரைக் கொட்டுறே?” என்றாள். அம்மா சொன்னது சரியான வேதியியல். கடுக்காயில் இருப்பதும் டானின்தான். எங்கள் ஊர்ப் பக்கம் கலம்காரிக்காரர்கள் துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தச் சாற்றைக் கடுக்காய் ஏற்றிய துணியில் தீட்டித்தான் கருப்புக் கோடு எடுக்கிறார்கள். அவர்களிடம் என் டிரெய்லர் கிடைத்தால் ஒரு தேருக்கே தோரணம் எழுதுவார்கள். இந்திய மளிகைக் கடையில் கடுக்காய்ப் பொடி விலை கேட்டேன். குப்பியே மலிவு.

குப்பி வேலை செய்தது, தொட்ட இடத்தில். ஸ்ப்ரே கேனும் வேலை செய்தது, அதன் பங்குக்கு. இப்போது வண்டியில் கம்பெனிக் கருப்பு, குப்பிக் கருப்பு, கேன் கருப்பு என்று மூன்று கருப்பு. மூன்றுக்கும் நடுவே துரு தன் போக்கில் பரவிக்கொண்டிருந்தது. கடைசி அஸ்திரமாக லானோலின் அடித்தேன். செம்மறி ரோமத்திலிருந்து எடுக்கிற மெழுகு. தண்ணீரை அண்ட விடாது, சந்துக்குள் ஊர்ந்து போகும், இரும்புக்கு உண்மையிலேயே நல்லது. கராஜில் ஒரு கிடை போட்ட வாசனை தங்கிவிட்டது. பக்கத்து வீட்டு நாய் எங்கள் கதவுக்கு முன்னால் காவல் இருக்க ஆரம்பித்தது.

இந்த அனுபவத்தால் என் நடை உடை மாறிவிட்டது. கடைகளின் கார் நிறுத்தத்தில் எங்கே டிரெய்லரைப் பார்த்தாலும் மண்டியிட்டு அடியில் விரல்விட்டுப் பார்க்கிறேன். வெல்டிங் கோட்டில் ஆரஞ்சு தென்பட்டால் மனசு லேசாகிறது. மனைவி அப்போது நாலு கார் தள்ளி நின்று, தெரியாதவளாக ஆகாயத்தைப் பார்க்கிறாள். சொந்தக்காரர்கள் வந்துவிட்டால் நான் செருப்பு வாரைச் சரிசெய்கிறேன், பூட்ஸ் போட்டிருந்தாலும்.

ஆனாலும் வண்டிக்குச் சமூகத்தில் மரியாதை வந்துவிட்டது. தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுக்கு நாற்காலி, மேசை, அண்டா எல்லாம் என் டிரெய்லரில்தான். இந்தத் தடவை இறக்கிவைத்துக்கொண்டிருந்தபோது, புதிதாக வந்த தம்பி ஒருவன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஒரு மூலையில் விரலால் தடவியும் பார்த்தான்.

“அண்ணா, நானும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். கடையில எங்க பார்த்தாலும் கருப்புதான் இருக்கு. இந்த பிரவுன் கலர் எங்க கிடைச்சுது?”

“கம்பெனியில கருப்பாத்தான் தருவாங்க தம்பி,” என்றேன். “நாமதான் வச்சிருந்து வரவழைக்கணும்.”