புரையேறினால் யார் நினைக்கிறார்கள்?

கேள்வி: பேச்சு வராதவர்களுக்குத்தானே ஸ்பீச் தெரபிஸ்ட்? சோறு விழுங்குவதற்கு எதற்கு? (ராயபுரம்)

பதில்: பேச்சுக்கும் சோற்றுக்கும் வாசல் ஒன்றுதான். நாம் விழுங்கும் அந்த ஒரு நொடியில் குரல்நாண்கள் மூடிக்கொண்டு மூச்சுக்குழாயைக் காக்கின்றன. அந்தக் கதவின் பூட்டும் தாழ்ப்பாளும் தெரிந்தவர் அவர்.

கேள்வி: கொரோனா நுரையீரல் நோயாச்சே, அதிலிருந்து மீண்டவர்களுக்குத் தொண்டை ஏன் கெட்டது? (பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: 2020 மே மாதத்தில் சென்னையிலேயே அதிகத் தொற்று ராயபுரம் மண்டலத்தில்தான். உங்கள் ஸ்டான்லி அரசு மருத்துவமனையும் கொரோனா மருத்துவமனையாக மாறியிருந்தது. மூச்சுத்திணறியவர்களுக்கு வைத்த வென்டிலேட்டர் குழாய் குரல்நாண்களுக்கு நடுவேதான் இறங்கும். நாள்கணக்கில் கிடந்தால் அந்த இடம் உரசிப் புண்ணாகும், உணர்ச்சி மங்கும், தசை தளரும். போதாக்குறைக்கு மேல்மூச்சு வாங்குகிறவருக்கு, எப்போது மூச்சை நிறுத்தி விழுங்குவது என்ற தாளமே தப்பிவிடும். குழாயை எடுத்ததும் கண்டம் தாண்டிவிட்டது என்று நினைப்போம். அடுத்த கண்டம் அரை டம்ளர் தண்ணீரில் இருக்கும்.

கேள்வி: புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்கிறாரே என் மாமியார்? (காசிமேடு)

பதில்: நினைப்பது உங்கள் நுரையீரல்தான். இருமல் அதன் காவல்காரன். எனக்குப் பயம், புரையே ஏறாதவரைப் பார்த்துத்தான். சிலருக்குத் தண்ணீர் ஓசையில்லாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி, பிறகு நிமோனியாவாக வெளியே தெரியும். சாப்பிட்டதும் குரல் கொழகொழவென்று ஆனாலோ, காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தாலோ மருத்துவரிடம் போங்கள். மாமியாரைத் தலையில் தட்ட விடாதீர்கள்.

கேள்வி: கொரோனா காலத்தில் ஸ்பீச் தெரபிஸ்டுகளுக்கு இந்த வேலையில் என்ன ஆபத்து? (தண்டையார்பேட்டை)

பதில்: ஊரே ஆறடி தள்ளி நின்றபோது, "வாயைத் திறங்க, நல்லா இருமுங்க" என்று முகத்துக்கு நேரே நின்ற வேலை அது. மூக்கு வழியே கேமரா விட்டுப் பார்க்கும் சோதனையில் கிருமி காற்றில் பரவும் என்று பல இடங்களில் தள்ளிவைத்தார்கள். கவச உடையோடு, ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்து, தொண்டையில் விரல் வைத்து, குரலைக் காதால் கேட்டே முடிவெடுக்க வேண்டியிருந்தது.

கேள்வி: தண்ணீரை விடக் கெட்டிக் கஞ்சி எப்படிப் பாதுகாப்பு? (எண்ணூர்)

பதில்: தண்ணீர், நள்ளிரவில் காலி ரோட்டில் வரும் கன்டெய்னர் லாரி. கதவைச் சாத்துவதற்குள் உள்ளே வந்து நிற்கும். கஞ்சி, பகலில் துறைமுகத்துக்கு வரிசையில் ஊரும் அதே லாரி. ஆனால் சிலருக்குக் கெட்டியானது தொண்டையிலேயே தங்கிவிடும். எவ்வளவு கெட்டி என்பதை ஸ்பீச் தெரபிஸ்ட் பார்த்துச் சொல்லட்டும், பக்கத்து வீட்டுக்காரர் வேண்டாம்.

கேள்வி: விழுங்கச் சிரமப்படுபவருக்கு டிவி பார்த்துக்கொண்டே ஊட்டலாமா? (திருவொற்றியூர்)

பதில்: சீரியல் முடியட்டும். நிமிர்த்தி உட்கார வைத்து, சின்ன வாயாக, ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்த வாய். டிஸ்சார்ஜ் சீட்டில் எப்படி விழுங்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லையென்றால், கேட்டு எழுதி வாங்காமல் வார்டை விட்டு வராதீர்கள்.