தனி ஆவர்த்தனமும் கீரை வடையும்

மார்கழி பிறந்தால் எங்கள் பெரியப்பாவுக்கு வீட்டு விலாசம் மறந்துவிடும். சபா கேன்டீன் மெனு மறக்காது. ஆலாபனை ஆரம்பித்ததும் பக்கத்து சீட்காரரிடம், "கரகரப்ரியாதானே?" என்பார். "இல்லை சார், ஆபோகி" என்றால், "அதோட ஜன்யம்தானே, அதைத்தான் சொன்னேன்!" தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்துவிடுவார். மிருதங்கக்காரர் கோர்வையை முடிப்பதற்குள் இவர் கீரை வடையை முடித்திருப்பார்.

ஜனவரியில் குடும்பச் சுற்றுலா. தஞ்சைப் பெரிய கோயில் என்று சொல்லித்தான் வேனில் ஏற்றுவார். இறக்கிவிடுவது 13 கிலோமீட்டர் தள்ளி, திருவையாறு ஆராதனைப் பந்தலில். நாட்டையில் தொடங்கி ஸ்ரீராகம் வரை ஐந்து கீர்த்தனைகளும் முடிகிற வரை குழந்தைகளுக்கு பிஸ்கட்கூடக் கிடையாது. கூட்டத்தோடு இவரும் பாடுவார். சாகித்யம் தெரியாத இடங்களில் தொடையில் தாளம், அதுவும் பலமாக. தொடை சில சமயம் பெரியம்மாவுடையது.

பெரிய கோயிலைப் பார்க்க விரும்புவோர் தனி வேன் பிடித்துக்கொள்ளவும்.