கழிப்பறைச் செருப்பு: அகமா, புறமா, அகப்புறமா?

ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஜப்பானுக்குப் போய், அங்கே ஒரு குடும்பத்தோடு தங்குகிறவர்களின் பண்பாட்டு அதிர்ச்சியைப் பற்றி அறிஞர் பலர் எழுதிக் குவித்துவிட்டனர். ஆனால் கழிப்பறைச் செருப்பை ஒருவரும் உரிய முறையில் கவனித்ததாகத் தெரியவில்லை. அக்குறையைக் களைய எழுந்ததே இக்கட்டுரை என்க.

முதலில் முன்னோர் ஆய்வு. காலெர்வோ ஓபெர்க் 1954இல் ரியோ டி ஜெனீரோவில் ஒரு மகளிர் மன்றத்தில் பேசி இந்த அதிர்ச்சியைப் பிரபலமாக்கினார். தேனிலவு, நெருக்கடி, தேறுதல், பழகிப்போதல் என்று நான்கு கட்டம் வகுத்தார். அடுத்த ஆண்டே ஸ்வெர்ரே லிஸ்கார்ட், அமெரிக்கா போய்வந்த நார்வேக்காரர்களை விசாரித்து, அந்த அனுபவத்தின் வடிவம் 'யு' என்றார். ஊர் திரும்பியவனுக்கும் அதே அவஸ்தை உண்டென்று கண்ட கல்லஹார்ன் தம்பதியர், 1963இல் இன்னொரு 'யு'வை ஒட்டி அதை 'டபிள்யூ' ஆக்கினர். மீதி எழுத்துகளுக்கு முனைவர் பட்ட மாணவர்கள் துண்டு போட்டு வைத்திருக்கிறார்கள். ஜப்பானியர் மனத்தை அலசி 'சாமந்தியும் வாளும்' எழுதிய ரூத் பெனடிக்ட் அந்த மண்ணை மிதித்ததே இல்லை. மிதித்திருந்தால் வாசலிலேயே செருப்பைக் கழற்ற நேர்ந்து, 1946இல் நூல் வெளிவராமல் போயிருக்கலாம்.

இனி வகைப்பாடு. உணவு: பச்சை மீன்; இதைப் பற்றிப் போதுமான அளவு புலம்பியாயிற்று. வகுப்பறை: "ஹவ் ஆர் யூ?" என்றால் "ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ?" என்று மொத்த வகுப்பும் ஒரே குரலில் ஒப்பிக்கும்; மூக்கொழுகி, முகமூடி போட்டு, மேசையில் கவிழ்ந்து கிடக்கும் பிள்ளையும் இதில் அடக்கம். குளியல்: தொட்டிக்கு வெளியே சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்ட பிறகுதான் வெந்நீருக்குள் இறங்க வேண்டும். அதே நீரில்தான் வீட்டார் அனைவரும் ஒருவர்பின் ஒருவராக இறங்குவர். விருந்தாளிக்கு முதல் மரியாதை. அம்மரியாதையைப் பெற்ற ஆசிரியர் குளித்து முடித்துவிட்டு, நல்ல பிள்ளையாய் அடைப்பானைப் பிடுங்கி அத்தனை நீரையும் வடித்துவிடுவது அவலச்சுவையின் பாற்படும்.

செருப்புக்கு வருவோம். கென்கான் எனப்படும் முன்வாசலில் வெளிச்செருப்பைக் கழற்ற வேண்டும். இதுவரை தமிழனுக்குச் சிக்கல் இல்லை. நம் வீட்டு வழக்கந்தானே என்று நெஞ்சை நிமிர்த்துவான். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு சொன்ன சுசுமு ஓனோ பொங்கலையெல்லாம் சான்று காட்டியும் மொழியியலாளர் பலர் அசைந்துகொடுக்கவில்லை. செருப்பையும் சேர்த்திருக்கலாம். வாசலைத் தாண்டி மேலேறியதும் வீட்டுச் செருப்பு. அதையும் தாதாமிப் பாய் விரித்த அறையின் விளிம்பில் விட்டுவிட வேண்டும். வெளிச்செருப்பு புறம், வீட்டுச் செருப்பு அகம் என்று இலக்கணம் அழகாக நிற்கும் வேளையில் கழிப்பறைக் கதவு திறக்கிறது. உள்ளே இன்னொரு ஜோடி!

இது வீட்டைவிட்டு வெளியே போகாதது. ஆதலால் அகம் என்பர் ஒரு சாரார். கூடத்துக்குள் வரக்கூடாதது, ஆதலால் புறம் என்பர் மறுசாரார். இரண்டும் பொருந்தாமையின் இதைக் கைக்கிளை, பெருந்திணைகளோடு சேர்த்து அகப்புறம் எனக் கொள்வதே எம் துணிபு. ஓர் எழுத்து ஏட்டில் இப்படியா அப்படியா என்று நாற்பதாண்டு பேச்சுவார்த்தையற்றுப் போன நம் பேராசிரியர்கள் இதற்கும் மறுப்பு எழுதுவார்கள். எழுதட்டும்.

அதிர்ச்சி நிகழுமிடம் கழிப்பறைக்கும் கூடத்துக்கும் நடுவே உள்ள நாலே எட்டுதான். காலைக் கடன் முடித்த நிம்மதியில், பச்சைப் பிளாஸ்டிக் செருப்பைக் கழற்ற மறந்து, ஆங்கில ஆசிரியர் சாப்பாட்டு மேசைவரை வந்துவிடுகிறார். எவரும் வாய் திறப்பதில்லை. அவ்வீட்டு மருமகளின் பார்வை மட்டும் அவர் முகத்திலிருந்து மெல்லக் கீழே இறங்கி, பாதத்தில் ஒரு கணம் நின்று, மிசோ சூப்புக்குத் திரும்பிவிடுகிறது. லிஸ்கார்டின் 'யு'வில் இந்தப் பார்வைக்கு இடமில்லை.

கழிப்பறைத் தரையை மிதித்தது கழிப்பறையிலேயே இருக்க வேண்டும் என்பது மூலபாடம் (பாட்டி, சமையலறை வாய்மொழி, முள்ளங்கி துருவும்போது). உள்ளே போகிறவன் கதவோரம் விட்டுப்போகும் வீட்டுச் செருப்பே உள்ளே ஆள் இருப்பதற்கு அறிவிப்புப் பலகையாம் (மேற்படி நூல், குரல் உயர்த்திய இரண்டாம் பதிப்பு). வெளியே வரும்போது, அடுத்து வருபவருக்கு வாகாகக் கழிப்பறைச் செருப்பைத் திருப்பி வைப்பது படித்தவர்க்கு அழகு (பாட்டி, திருத்திய மூன்றாம் பதிப்பு, மூடிய கழிப்பறைக் கதவுக்கு வெளியிலிருந்து, மருமகளின் மறுப்புரையும், அதற்குப் பாட்டியின் மறுப்புக்கு மறுப்பும், மகனின் நீண்ட மௌனமும் பின்னிணைப்பாக).

இக்கோட்பாடு முழுவதையும் மறுப்பவன் தொடக்கப்பள்ளியில் படிக்கும் பேரன். அவனுக்கு எந்தச் செருப்பும் கிடையாது. வெறுங்காலோடு ஓடுகிறான், அதே காலோடு திரும்பி வந்து தாதாமியில் குட்டிக்கரணம் அடிக்கிறான். அவன் கருத்துக்கு நான்காம் பதிப்பு சமையலறையிலிருந்து வந்துகொண்டிருக்கிறது, கையில் முள்ளங்கியோடு.