ஷாம்பு பாக்கெட்டுக்குப் படகில் இடமில்லை

கேள்வி: தினசரிக் குளியலிலும் அலங்காரத்திலும் சேரும் குப்பையை எப்படிக் குறைப்பது?
– வாசகி, வண்டூர், அந்தமான்

பதில்: வழி உங்கள் ஊர்ப் படகுத்துறையிலேயே இருக்கிறது! மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் ஜாலி பாய் தீவுக்கு வண்டூரிலிருந்து கிளம்புவோர் பிளாஸ்டிக்கைக் கரையிலேயே விட்டுவிட வேண்டும். அதே சோதனையைக் குளியலறை வாசலிலும் போடலாம்.

முதலில் பிடிபடுவது ஷாம்பு பாக்கெட்தான். கடலூர் சின்னிகிருஷ்ணன் ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து ஏழைக்கும் எட்ட வைத்தார், நல்ல காரியம். ஆனால் பல அடுக்கு உறை என்பதால் மறுசுழற்சிக்கு அது அநேகமாகத் தேறாது. சீயக்காய்த் தூளோ ஷாம்புக் கட்டியோ போதும்.

காது குடையும் பிளாஸ்டிக் குச்சிக்கு 2022 ஜூலை 1 முதல் நாடெங்கும் தடை.

பவளப்பாறைகளைக் காக்க, ஆக்ஸிபென்சோன் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனைக்கு ஹவாய் 2021இல் தடை போட்டது. உங்கள் கடலிலும் பவளம் உண்டு. வாங்கும்முன் லேபிளைப் படியுங்கள்.