ஐந்திணை நோக்கில் பீனட் பட்டர் ஃப்ராஸ்டிங்

பாயிரம்

கேக்கின் தலையில் தடவும் ஒரு பூச்சுக்கு இலக்கணம் எதற்கு என்று கேட்போர் உளர். அவர்கள் அமெரிக்க அரசின் கோப்புகளைக் கண்டறியாதவர்கள். பீனட் பட்டர் என்ற பெயரில் விற்கும் புட்டிக்குள் வேர்க்கடலை எத்தனை விழுக்காடு இருக்க வேண்டும் என்ற ஒரே வினாவை அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 1959-இல் கையில் எடுத்தது. 1971-இல்தான் கீழே வைத்தது. 95 என்று தொடங்கியது அரசு. 87 போதும் என்றார்கள் தயாரிப்பாளர்கள். விசாரணைப் பதிவு மட்டும் ஏறத்தாழ 8,000 பக்கம். ரூத் டெஸ்மண்ட் என்ற அம்மையார் இல்லத்தரசியர் கூட்டமைப்பின் சார்பில் வழக்கறிஞர் கூட்டத்துக்கு நடுவே போய் உட்கார்ந்து வாதாடினார். கடைசியில் 90 என்று தீர்ந்தது. ஓர் ஏகாரம் தேற்றமா பிரிநிலையா என்று நூற்றாண்டு தள்ளிப் பிறந்தும் மறுப்பு எழுதும் நம் உரையாசிரியர்களே எழுந்து நின்று வணங்கத்தக்க பொறுமை இது. அதன் முன் என் கட்டுரை மிகச் சிறியது.

பாயிரத்துக்கு ஆக்கியோன் பெயர் வேண்டும். இங்கே அதில் வழக்கு இருக்கிறது. மான்ட்ரியல் நகரத்து மார்செல்லஸ் கில்மோர் எட்சன் 1884-இல் ஒரு காப்புரிமை பெற்றார். வறுத்த கடலையைச் சூடான பரப்புகளுக்கு இடையே அரைத்துக் கூழாக்கி, அதில் சர்க்கரை சேர்த்து இறுக்குவது அவர் முறை. கற்றோர் இங்கே நின்று கவனிக்க வேண்டும். கடலைக் கூழோடு சர்க்கரை சேர்ந்தால் அது ஃப்ராஸ்டிங்கின் பக்கத்து வீடு. ஆகவே ஃப்ராஸ்டிங்கே முந்தியது, பீனட் பட்டர் அதற்குப் பிந்தியது என்று வாதிட இடமுண்டு. இடம் இருப்பதால் வாதிடுகிறேன். கார்ன் ஃப்ளேக்ஸ் புகழ் ஜான் ஹார்வி கெல்லாக் 1895-இல் விண்ணப்பித்த முறையில் கடலை வறுபடுவதில்லை, வேகிறது. வேகவைத்த கடலை கோயில் வாசலில் தின்னச் சிறந்தது. கேக்கில் தடவ அதற்கு மணம் போதாது. டஸ்கீகி வேளாண் அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்தான் இதைக் கண்டுபிடித்தார் என்று பலரும் சொல்வது இடைச்செருகல். அவர் கடலையை உண்ண 105 வழிகள் சொல்லிச் சிறுநூல் வெளியிட்டது 1916-இல்.

அடுத்து எல்லை. இதை அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்பு அமைப்பு வகுத்துத் தந்திருக்கிறது. 2011 டிசம்பரில் லாஸ் வேகாஸ் விமான நிலையத்தில் கண்ணாடிச் சாடியில் அடைத்த கப்கேக் ஒன்று பிடிபட்டது. அதன் மேலிருந்த ஃப்ராஸ்டிங் ஜெல் வகையைச் சேர்ந்தது என்பது அதிகாரிகள் தந்த விளக்கம். 2023-இல் அதே அமைப்பு பீனட் பட்டர் திரவம் என்று அறிவித்தது. தனக்கென உருவமின்றிக் கொள்கலத்தின் உருவத்தைக் கொள்வது திரவம் என்பது அவர்கள் சூத்திரம். இவ்விரு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால், பீனட் பட்டரானது ஃப்ராஸ்டிங்கில் சேரும்போது திரவ நிலையிலிருந்து ஜெல் நிலைக்குப் பதவி உயர்வு பெறுகிறது என்பது பெறப்படும். இரண்டும் 100 மில்லிக்கு மேல் கைப்பையில் போகாது.

பாயிரம் நீண்டுவிட்டது. நீளாத பாயிரத்தை எவரும் மதிப்பதில்லை.

முதற்பொருள்

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். சமையல் குறிப்பு எழுதுவோர் இவ்விரண்டையும் ஒரே தொடரில் அடக்கிவிடுகிறார்கள்: வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்க வேண்டும். எந்த அறை? எந்த மாதம்? மின்விசிறி ஓடுகிறதா? எழுதியவர் மனத்தில் இருப்பது 20, 21 டிகிரி செல்சியஸ். அந்த நிலையில் வெண்ணெயின் கொழுப்பில் ஒரு பங்கு இறுகியும் ஒரு பங்கு இளகியும் இருக்கும். விரலை வைத்தால் குழியும், வழுக்காது. அடிக்க அடிக்கக் காற்றை வாங்கி உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். ஃப்ராஸ்டிங்கின் மென்மை முழுவதும் இந்தக் காற்றுதான்.

சென்னையின் மே மாத நண்பகலில் அறை 35-ஐத் தொடும். வெண்ணெயோ 32-க்கும் 35-க்கும் இடையில் முழுக்க உருகிவிடும் பொருள். எனவே குறிப்பை எழுத்துப் பிசகாமல் பின்பற்றும் சென்னைவாசி கையில் எடுப்பது, நெய்யாவதற்கு மனுப் போட்டிருக்கும் வெண்ணெய்.

இச்சிக்கலை நம் அகத்திணை மரபு என்றோ தீர்த்துவிட்டது. மலையும் குளிரும் நள்ளிரவும் குறிஞ்சிக்கு உரியவை. அங்கே நிகழும் ஒழுக்கம் கூடல். வேனிலும் நண்பகலும் பாலைக்கு உரியவை. அங்கே நிகழ்வது பிரிவு. ஃப்ராஸ்டிங் குறிப்பு எல்லாமே குறிஞ்சித் திணையில் இயற்றப்பட்டது. நாம் அதைப் பாலையில் நின்று பாடுகிறோம். எண்ணெய் ஒரு பக்கம், சர்க்கரை ஒரு பக்கம், கண்ணீர் ஒரு பக்கமாகப் பிரிந்தால் பாட்டின் மேல் குற்றம் இல்லை.

இங்கே ஒரு மறுப்பைப் பதிவுசெய்யக் கடமைப்பட்டுள்ளேன். கோவில்பட்டியில் பிறந்து வளர்ந்த என் அத்தை கடலை குறித்த எல்லா வழக்குகளிலும் மேல்முறையீட்டு மன்றம். அவ்வூர்க் கடலைமிட்டாய் 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற பிறகு அவர் தீர்ப்புகளில் உறுதி இன்னும் கூடியிருக்கிறது. கிண்ணத்தின் ஓரத்தில் எண்ணெய் மின்னுவதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "எண்ணெய் பிரிஞ்சு வந்துட்டுன்னா பக்குவம்னு அர்த்தம். அடுப்ப அணைச்சுரும்மா." இதில் அடுப்பே கிடையாது அத்தை என்றதற்கு, "அடுப்பில்லாம என்ன பக்குவம்" என்று எழுந்து போய்விட்டார். புளிக்குழம்பு மரபில் எண்ணெய் பிரிதல் வெற்றி. ஃப்ராஸ்டிங் மரபில் அதுவே தோல்வி. ஒரே மெய்ப்பாடு இரு திணையில் இரு பொருள் தருவது புதிதன்று. ஆனால் இரண்டு மரபையும் ஒரே அடுக்களையில் ஒரே நாளில் கடைப்பிடிக்கும் குடும்பங்களின் மனநிலையை எவரேனும் ஆராய வேண்டும்.

பாலைக்கென்று தனி நிலம் இல்லை, வறண்டால் முல்லையும் குறிஞ்சியும் பாலையாகும் என்பது பழைய கொள்கை. ஏசி நின்றால் குறிஞ்சி பாலையாகத் திரிவதை அடிக்கும் பீட்டரோடு நின்று பார்க்கலாம். மறுதலையாக, பாலையைக் குறிஞ்சியாக்கவும் வழி உண்டு. வெண்ணெயை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடத்தில் வேலையைத் தொடங்கிவிடுவது. கிண்ணத்தை ஐஸ் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து அடிப்பது. இளகினால் கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து மறுபடி அடிப்பது. எல்லாவற்றினும் மேல், யாமத்தில் செய்வது. வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கும் பெண்கள் ஊரடங்கிய பிறகே க்ரீமைத் தொடுகிறார்கள். குறிஞ்சிக்குரிய சிறுபொழுது யாமம் என்பதை அவர்கள் இலக்கண நூல் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை.

கருப்பொருள்

இத்திணையின் உணவு கடலை. அது கொட்டை வகையன்று, அவரை இனம்; பூத்தபின் காம்பு மண்ணுக்குள் இறங்கிக் காய்ப்பது. தென் அமெரிக்காவில் தோன்றி உலகைச் சுற்றி வந்தது. பாதிக்குப் பாதி எண்ணெய். இந்த எண்ணெய்தான் இக்காதையின் நாயகனும் வில்லனும்.

பறை, மிக்ஸி. வறுத்துத் தோல் நீக்கிய கடலையை உலர்ந்த ஜாரில் போட்டு ஓட்டினால் முதலில் பொடியாகும். பின்னர் ஜாரின் சுவரில் அப்பிக்கொண்டு, பிளேடு வெறுமனே சுற்ற, எதுவும் அசையாது. இந்த இடத்தில் சட்னி மரபினர் அனிச்சையாகத் தண்ணீர் ஊற்றுவர். கூடாது. கரண்டியால் வழித்துவிட்டு, விட்டு விட்டு ஓட்டினால், செல் உடைந்து எண்ணெய் வெளிப்பட்டு, தானாகவே இளகிப் பளபளக்கும். அதற்குள் மோட்டார் சூடேறி நின்றுபோகலாம். அடியில் உள்ள சிவப்புப் பொத்தானை ஆற விட்டு அழுத்துவது இத்திணையின் சடங்கு.

அரைக்கும் முன் கடலையைப் பொறுக்க வேண்டும். ஒரு கை கடலை தின்றால் கடைசிக் கடலை சொத்தையாக இருக்கும் என்பது தமிழர் யாவரும் ஒப்பும் ஒரே விதி. தின்னும்போது துப்பிவிடலாம். அரைத்துவிட்டால் அந்தக் கசப்பு கிண்ணம் முழுவதும் பரவிவிடும். இதில் நகைப்பதற்கு இடமில்லாத பகுதியும் உண்டு: 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்தபோது, அவை தின்ற கடலைப் புண்ணாக்கின் பூஞ்சையிலிருந்துதான் அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சு கண்டறியப்பட்டது. வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சை பிடித்தது எல்லாம் குப்பைக்கு.

விலங்கு, எறும்பு. அதற்குத் தொல்காப்பியர் மூன்று அறிவு கொடுத்தார், மூன்றாவது மூக்கறிவு. மூடியின் பிடி தளர்ந்த ஐசிங் சுகர் டப்பா அவர் கணக்குச் சரி என்று காட்டும்.

ஐசிங் சுகரை வாங்குவதே மேல். சீனியை மிக்ஸியில் திரித்தால் நாக்கில் நெருடும். இந்தக் கலவையில் தண்ணீர் மிகக் குறைவாதலால் அது கரையவே கரையாது. கடையில் விற்பதில் கட்டிபிடிக்காதிருக்கச் சிறிது சோள மாவும் சேர்ந்திருக்கும். வெண்ணெய் எதுவாகவும் இருக்கலாம். வெளிநாட்டுக் குறிப்புகள் உப்பில்லாத வெண்ணெய் கேட்கும். நம் ஃப்ரிட்ஜில் இருப்பது ரொட்டிக்குத் தடவும் உப்பு வெண்ணெய். வெனிலா ஃப்ராஸ்டிங்கை அந்த உப்பு கெடுக்கும். கடலைக்கு உப்பு பிறவி உறவு என்பதால் இங்கே குற்றமில்லை. தனியே உப்பு போடாமல் விட்டால் சரி. அகப்பாட்டில் தலைமக்களின் பெயரைச் சுட்டலாகாது என்பது விதி. ஆகவே வெண்ணெயின் பிராண்டை நான் சொல்லப்போவதில்லை.

அளவு: பீனட் பட்டர் 250 கிராம், வெண்ணெய் 115 கிராம், ஐசிங் சுகர் 240 கிராம், பால் 2 அல்லது 3 மேசைக்கரண்டி, வெனிலா ஒரு தேக்கரண்டி. கப் கணக்கில் சொல்லாததற்குக் காரணம் உண்டு. அமெரிக்கக் கப் 237 மில்லி. நம் வீட்டுக் கப் என்பது செட்டில் எது உடையாமல் மிஞ்சியதோ அது.

உரிப்பொருள்

முதலில் வெண்ணெயை மட்டும் தனியே அடிக்க வேண்டும், வெளிறிப் பொங்கும் வரை. பிறகு பீனட் பட்டர். அதன் பின் ஐசிங் சுகரை இரு தவணையாகக் குறைந்த வேகத்தில் சேர்க்க வேண்டும். வேகம் கூட்டினால் சர்க்கரை மேகமாய் எழுந்து கண்ணாடி போட்டவர்களை முதலில் தாக்கும். பால் கடைசியில்.

பாலைக் கடைசிக்குத் தள்ளுவதில்தான் ஊடலின் நுட்பம் இருக்கிறது. பீனட் பட்டரில் நேரே ஒரு கரண்டி பாலை விட்டுப் பாருங்கள். இளகும் என்று எதிர்பார்ப்பீர்கள், அது விறைத்துக்கொள்ளும். எண்ணெயில் மிதக்கும் கடலைத் துகள்களின் புரதம் அந்தச் சிறிது நீரை உறிஞ்சி ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் வருவது அது. பயந்து நிறுத்திவிட்டால் ஊடல் நீளும். இன்னும் கொஞ்சம் பால் விட்டால் துகள்களுக்குப் போதுமான நீர் கிடைத்து எல்லாம் நெகிழும். முதல் கரண்டிக்கு ஊடி மூன்றாம் கரண்டிக்குக் கூடும் இந்த இயல்பை மருதத் திணை அறிந்தவர் எளிதில் உணர்வர். வெண்ணெயும் சர்க்கரையும் ஏற்கெனவே நடுவில் இருந்தால் ஊடல் தெருவுக்கு வராது.

தோழி இல்லாத அகப்பாட்டு உண்டா? இங்கே தோழி, ஹைட்ரஜன் ஏற்றிய கொழுப்பு. கலிபோர்னியாவின் ஜோசப் ரோஸ்ஃபீல்டு 1920களின் தொடக்கத்தில் கண்ட உத்தி இது. புட்டியில் 2 விழுக்காடுகூட இராத இந்தக் கொழுப்பு, அறைச் சூட்டிலும் இறுகி நின்று, கடலையை விட்டு எண்ணெய் பிரிந்து போகாமல் இடையில் நின்று பார்த்துக்கொள்கிறது. மிக்ஸியில் அரைத்த வீட்டுக் கூழுக்கு இந்தத் தோழி இல்லை. ஆகவே தூய வீட்டுத் தயாரிப்புக் கட்சியினர் என்னை மன்னிக்க மாட்டார்கள் என்று தெரிந்தே சொல்கிறேன்: சித்திரையில் புட்டியை வாங்குங்கள், மார்கழியில் அரையுங்கள். சித்திரையிலும் அரைத்தே தீருவேன் என்பவர், கூழை ஓர் இரவு ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் பாதிப் பிரிவைத் தடுக்கலாம்.

முல்லை பற்றிச் சொல்ல அதிகமில்லை. தடவிய கப்கேக்கை விருந்தினர் வரும்வரை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுக் காத்திருப்பது முல்லை. நெய்தல், கடலோர ஊர்க்காரர்களுக்கு மட்டும்: வெளியே எடுத்ததும் ஈரக் காற்று மேலே படிந்து வியர்க்கும். டப்பாவை மூடியபடியே வெளியே வைத்து, குளிர் தணிந்த பிறகு திறந்தால் இரங்கல் குறையும்.

புறனடை

அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் ஆய்வகங்களுக்கு விற்கும் ஒப்பீட்டுப் பொருள்களில் 2387 என்ற எண் பீனட் பட்டருக்குரியது. 170 கிராம் புட்டிகள் மூன்று கொண்டது ஒரு தொகுதி. கருவிகளின் கணக்குச் சரிதானா என்று பார்க்க உதவுவது. தோசைக்குத் தொட்டுக்கொள்ள அன்று. ஃப்ராஸ்டிங்குக்கு அப்படி ஒரு தரப்பொருள் இன்னும் தேவைப்படுகிறது என்பது என் பரிந்துரை.

வேர்க்கடலை ஒவ்வாதவர்களுக்கு ஒரு வாய் போதும் உயிருக்கு ஆபத்தாக. பிறந்தநாளுக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோரிடம் தட்டை நீட்டும் முன்பே கேட்டுவிட வேண்டும். இவ்விதிக்கு விலக்கு இல்லை.

மேலே சொன்ன அளவு, பைப்பிங் பையால் சுருள் சுருளாகப் பிழிந்தால் 12 கப்கேக்குக்கு வரும். கத்தியால் சிக்கனமாகத் தடவினால் 24-க்கும் எட்டும். இக்கணக்கில் சேதாரம் சேரவில்லை. நகைக்கடையில் சேதாரம் எவ்வளவு என்று ரசீதிலாவது தெரியும். இங்கே பீட்டரின் கம்பியை ஒருவர் நக்குவார், கிண்ணத்தை ஒருவர் விரலால் வழிப்பார், கப்கேக் எதற்கு என்றே கேட்காமல் கரண்டியோடு வருவார் இன்னொருவர். அந்தக் கரண்டி அத்தையுடையது. தீர்ப்பு கேட்டபோது, இன்னும் கொஞ்சம் வறுத்திருக்கலாம் என்றார்.