கோட்டோரக் கூச்சல்: தொடர்ந்து தோற்கும் சிறுவர் கால்பந்து அணியை முன்வைத்து ஓர் ஆய்வு

0. முன்னுரை

வென்ற அணிகளைப் பற்றி நூல்கள் மலிந்துள்ளன. தோற்கும் அணிகளைப் பற்றி, அதிலும் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட அணிகளைப் பற்றி, முறையான ஆய்வு எதுவும் வெளிவந்ததாகத் தெரியவில்லை (ஆய்வாளர் தேடிப் பார்க்கவில்லை). இவ்விடைவெளியை இக்கட்டுரை நிரப்புகிறது.

ஆய்வு எல்லை: பழைய மகாபலிபுரம் சாலையோரத்து அடுக்ககம் ஒன்றின் அணி. அதன் பயிற்சியாளர் இவ்வாய்வாளரே என்பதால் நடுநிலைமைக்குக் குறைவில்லை. வியாசர்பாடி அணிகளோடு ஆடியவை விலக்கப்பட்டன. வடசென்னையின் அப்பகுதியில் பிள்ளைகள் தெருவிலேயே பந்தோடு வளர்வதால், கோல் கணக்கு இரண்டு இலக்கத்தைத் தொட்டு, ஆய்வாளர் போட்டு வைத்திருந்த கட்டத்துக்குள் அடங்கவில்லை.

கருதுகோள்: தோல்விக்குப் பயிற்சியாளர் காரணமல்லர். முடிவு முன்பே எட்டப்பட்டுவிட்டமையால், தரவுகள் அதற்கு இணங்கத் திரட்டப்பட்டன. இது பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நிலைபெற்ற முறையியலே.

1. ஆட்டக் கூறுகள்

1.1 தாக்குதல்: சான்றுகள் கிடைக்கப்பெறவில்லை.

1.2 தற்காப்பு: பந்து எங்குளதோ அங்கு அனைவரும் உளர்.

1.3 ஆஃப்சைடு: தாக்குபவனுக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் வேண்டும் என்றிருந்ததை 1925இல் இருவர் போதும் எனத் தளர்த்தினர். எம்மைப் பொறுத்தவரை இது வீண்வேலை. தன் பாதியில் நிற்பவன் ஆஃப்சைடு ஆகான் என்பது சட்டம். எம்மவர் நடுக்கோட்டைத் தாண்டும் வழக்கமுடையர் அல்லர்.

1.4 கோல்கீப்பர்: மைக்கேல் பார்-எலியும் உடனாய்வாளரும் 286 பெனால்டிகளை ஆராய்ந்து 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கோல்கீப்பர்கள் இடமோ வலமோ பாய்ந்துகொண்டே இருக்கிறார்கள், நடுவில் அசையாமல் நிற்பதே கூடுதல் பலன் தரும் என்பது அதன் சாரம். எம் கோல்கீப்பர் இதைப் படிக்காமலேயே 7.32 மீட்டர் அகலத்தின் நட்டநடுவில் நிற்கிறான். பாய்ந்தால் ஜெர்சி அழுக்காகும், அம்மா திட்டுவார் என்பது அவன் தரப்பு. முடிவு ஒத்துப்போகும்போது காரணத்தைத் துருவுவது ஆய்வுலக மரபன்று.

2. கூச்சல்

இனி ஆய்வின் மையப்பொருள். பயிற்சியாளருக்கென ஒதுக்கிய பகுதியிலிருந்து ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே ஆட்ட உத்தி சொல்லலாம் என்கிறது கால்பந்துச் சட்டம். சட்டம் வகுத்தோர் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இருந்ததில்லை என்பது இதனால் பெறப்படும்.

2.1 பெயர்க்கூச்சல்: "டேய் ஹரி!" எம் அணியில் ஹரிஷ், ஹரிஹரன், ஸ்ரீஹரி என மூவர் உளர். மூவரும் ஒருசேர நின்று திரும்பிப் பார்ப்பர். பந்து நிற்பதில்லை.

2.2 இடக்கூச்சல்: "ஏறு!", "இறங்கு!" இவ்விரண்டையும் ஒரே மூச்சில் ஏவுதல் உண்டு. அவ்வழிச் சிறுவன் நின்ற இடத்திலேயே குதிப்பான் (இளநீர்க்கடைக்காரர், வாய்மொழி).

2.3 அடிக்கூச்சல்: "அடிடா!" எங்கே அடிப்பது என்பதில் மூன்று கொள்கைகள் நிலவுகின்றன. கோலை நோக்கி என்பர் பெற்றோர். கோட்டுக்கு வெளியே என்பர் பயிற்சியாளர். எதிரணிச் சிறுவனை என்பது எம் லெஃப்ட் பேக்கின் துணிபு. இதற்காக மஞ்சள் அட்டையும் பெற்றுள்ளான். மூன்றாவதே செயலில் காட்டப்பட்ட ஒரே கொள்கை என்பது குறிப்பிடத்தக்கது (இளநீர்க்கடைக்காரர், முன் சுட்டியவர், வழுக்கை சீவும்போது கூறியது).

2.4 பாஸ் கூச்சல்: பயிற்சியாளர் "பாஸ் பண்ணு!" என்கையில் தந்தையர் "நீயே போ!" என்பர். இம்முரணைத் தீர்க்க சார்லஸ் ரீப்பிடம் செல்ல வேண்டும். பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரியான இவர் 1950 முதல் பென்சிலும் நோட்டுமாக ஆட்டங்களைக் குறித்துவந்தார். பெர்னார்ட் பெஞ்சமினோடு 1968இல் புள்ளியியல் கட்டுரையும் எழுதினார். பெரும்பாலான கோல்கள் மூன்றோ அதற்குக் குறைவான பாஸ்களிலோ விழுகின்றன. ஆகவே தூக்கி அடியுங்கள் என்பது அவர் கட்சி. கால்பந்தில் பெரும்பாலான நகர்வுகளே மூன்று பாஸுக்குள் முடிந்துவிடுகின்றன, கோலும் அங்கேதான் விழும் என்று பின்வந்தோர் மறுத்தனர். மறுப்பு வலுவானது, எனவே அதை இங்குக் கருத்தில் கொள்ளவில்லை. எம் அணி மூன்றாம் பாஸை எட்டுவதே அரிது. ரீப்பின் அளவுகோலின்படி உலகக் கோப்பைக்கு நாங்கள் ஆயத்தம் (இளநீர்க்கடைக்காரர், திருத்திய பதிப்பு, மழை விட்டபின், அவர் மைத்துனரின் மறுப்புரையோடு ஒப்புநோக்குக. அம்மறுப்புரை சில்லறை கொடுக்கும் அவசரத்தில் சொல்லப்பட்டதால் இறுதிப்பகுதி சிதைந்துள்ளது, சிதைந்த பகுதியைக் கொண்டே முனைவர் பட்டம் பெற இயலும்).

3. விலக்கப்பட்ட தரவு

ஒரு ஞாயிறன்று ஆய்வாளருக்குத் தொண்டை கட்டியிருந்தது. பெற்றோரோ திருமண முகூர்த்தம் ஒன்றுக்குக் கூட்டமாகச் சென்றிருந்தனர். கோட்டோரம் அமைதி. பையன்கள் தமக்குள் பேசிக்கொண்டதும், ஹரிகள் மூவரும் எண் சொல்லி அழைத்துக்கொண்டதும், ஒருவன் தலைநிமிர்ந்து ஆளைப் பார்த்துப் பந்தைத் தந்ததும் கண்கூடாகத் தெரிந்தன. ஆட்டம் 1-1 என முடிந்தது. இது ஒற்றை நிகழ்வு, கருதுகோளோடு பொருந்தவுமில்லை. எனவே தரவுத்தொகுப்பிலிருந்து நீக்கப்பட்டது.

4. முடிவும் பரிந்துரையும்

பயிற்சியாளர் சொல்வது சிறுவர் காதில் விழுவதில்லை என்பதே தோல்விக்குக் காரணம் என நிறுவப்பட்டது. தீர்வு: வரும் பருவத்துக்கு ஒரு மெகாஃபோன். நிதி வேண்டி அடுக்ககச் சங்கச் செயலாளரிடம் விண்ணப்பித்தாயிற்று. அவர் மகன் அடுத்த வாரம் முதல் எங்கள் சென்டர் ஃபார்வர்டு.