ரெக்கார்டு வித்வான்

எந்தப் பொறியியல் கல்லூரி ஹாஸ்டலுக்குப் போனாலும் மாடிக்கு ஒருவர் இருப்பார். எங்கள் மாடியில் இருந்தவருக்கு ‘வித்வான்’ என்று பெயர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான்; அதிலும் அது அதிகம் அடிபட்டதில்லை.

மறுநாள் தேர்வு என்றால் இரவு பதினொரு மணிக்குக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அறை அறையாக வருவார். “சிலபஸ் யாருகிட்டடா இருக்கு?” புத்தகம் கேட்க மாட்டார். தலைப்பு தெரிந்தால் போதும், மீதியை அவரே பார்த்துக்கொள்வார்.

அப்போதெல்லாம் 2 மார்க் கேள்வி பத்து, 16 மார்க் கேள்வி ஐந்து. 2 மார்க்கில் கற்பனைக்கு இடமில்லை என்று அதை அவர் மதிப்பதில்லை. 16 மார்க்தான் அவருடைய கச்சேரி. எந்தக் கேள்வியானாலும் முதலில் ஒரு கட்டம். இடப்பக்கம் ஓர் அம்பு, ‘இன்புட்’. வலப்பக்கம் ஓர் அம்பு, ‘அவுட்புட்’. நடுவில் கேள்வித்தாளில் இருக்கும் வார்த்தையையே எழுதிவிடுவார். பாய்லரா, பாய்லர். ஆம்ப்ளிஃபயரா, ஆம்ப்ளிஃபயர். பிறகு நன்மைகள், தீமைகள், பயன்பாடுகள், எல்லாவற்றுக்கும் ஸ்கெட்ச் பேனாவில் அடிக்கோடு. ஒருமுறை ஓம் விதிக்குக்கூடத் தீமைகள் மூன்று எழுதினார். மூன்றாவது: ‘விலை அதிகம்’. அடிஷனல் ஷீட் கேட்டு முதலில் எழுந்து நிற்பதும் அவர்தான். ஒழுங்காகப் படித்துவிட்டு வந்தவனுக்கு வயிற்றைக் கலக்கும்.

ஆனால் அவருடைய மேதைமை முழுதும் வெளிப்பட்டது பிசிக்ஸ் ரெக்கார்டில். மர மீட்டர் ஸ்கேலை இரண்டு கத்தி முனைகள்மேல் வைத்து, நடுவில் 50 கிராம் 50 கிராமாக எடை தொங்கவிட்டு, அது எவ்வளவு வளைகிறது என்று பார்த்து மரத்தின் யங் குணகத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை. நடுவில் மெழுகால் ஒரு குண்டூசியை நட்டிருப்பார்கள். அதன் முனையை டிராவலிங் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ரீடிங் எடுக்க வேண்டும். நாங்கள் ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு ஊசியைத் தேடும்போது, வித்வான் ஓரமாக உட்கார்ந்து சீனியரின் ரெக்கார்டைத் திறப்பார். விடை அதில் இருக்கிறது. அந்தச் சீனியருக்கு அவருடைய சீனியர் கொடுத்தது. குருபரம்பரை.

அப்படியே காப்பியடிப்பது அவருக்கு அவமானம். விடையிலிருந்து பின்னோக்கி வருவார். “எடை ஒரே அளவா ஏறுது, வளைவும் ஒரே அளவா ஏறணும். ஆனா அச்சு மாதிரி ஏறினா சாருக்குச் சந்தேகம் வரும்” என்று, சமையலில் உப்புப் போடுவதுபோல ஒவ்வொரு ரீடிங்கிலும் ஒரு சிட்டிகைப் பிழை தூவுவார். கடைசியில் விடை கொஞ்சம் இடித்தால் ஸ்கேலின் தடிமனில் கை வைப்பார். “சூத்திரத்துல தடிமன் மும்மடியா வருதுடா. 6 மில்லிமீட்டர்ல 0.06 குறைச்சா விடை 3 சதவீதம் ஏறும். யாருக்கும் தெரியாது.” முறையாகச் சோதனை செய்த எங்களில் ஒருவனுக்கும் இது தெரியாது என்பதுதான் வேடிக்கை.

வைவாவுக்கு வந்த எக்ஸ்டர்னல் பழுத்த ஆசிரியர். ரெக்கார்டைப் புரட்டினார். வளைவு, விடை, கிராஃப் எல்லாம் கச்சிதம். மூடி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, மைக்ரோஸ்கோப்புல ஊசி முனை எந்தப் பக்கம் பாத்துச்சு?”

“மேலதான் சார். ஊசியை அப்படித்தானே நட்டிருக்கு.”

அவர் சிரித்துவிட்டார். அந்த மைக்ரோஸ்கோப்பில் பிம்பம் தலைகீழாகத் தெரியும். ஒரே ஒரு தடவை கண்ணை வைத்துப் பார்த்தவனுக்குத் தெரிந்த விஷயம் அது.

“இவ்வளவு நல்லாப் பொய் எழுத நீ நிறையப் படிச்சிருக்கணும்பா. போ, செஞ்சு காட்டு” என்றார்.

வித்வான் முதல் முறையாக அந்தக் குழாயில் கண்ணை வைத்தார். முதல் எடையை மாட்டினார். ஸ்கேல் கீழே தணிய, ஊசி அவர் கண்ணுக்கு மேலே ஏறியது. “டேய், நிஜமாவே நகருதுடா!” என்று அவர் போட்ட சத்தத்தில் லேப் அசிஸ்டென்ட் அண்ணன் ஓடி வந்தார். சொந்த விடை சீனியர் விடையோடு ஒத்துப்போகவில்லை. மனிதர் விடவில்லை. ஸ்க்ரூ கேஜை எடுத்து ஸ்கேலின் தடிமனை ஐந்து இடங்களில் அளந்தார். எங்கே பொய் சொல்லலாம் என்று தேடித் தேடிப் பழகியவருக்கு எங்கே பிழை வரும் என்று தெரிந்திருந்தது.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். விடை ஏற்கெனவே சீனியர் பெட்டிக்குள் இருக்கும் சோதனையை எந்த வித்வானும் செய்ய மாட்டான். அடுத்த செமஸ்டரில் ஒருவனுக்குத் தேக்குப் பட்டை, ஒருவனுக்கு மாம்பலகை, ஒருவனுக்கு மூங்கில் பத்தை என்று ஆளுக்கொன்றைக் கையில் கொடுத்துப் பாருங்கள். எந்த ரெக்கார்டிலும் இல்லாத விடை அது. அன்றைக்கு மாடிக்கு ஒரு வித்வான் வேலை இழப்பார். லேபுக்கு ஒரு மாணவன் கிடைப்பான்.